முந்தானையை உதறிக் காட்டியவர்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அடுப்பைத் தணித்து, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவர் ஸ்டோர் ரூம் வாசலுக்கு வந்து நிற்பார். உள்ளே நான் மறுநாளைக்கு வேண்டிய பருப்பையும் புளியையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். அவர் தொண்டையைக் கனைப்பார். நான் திரும்பியதும் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, என் கண்ணெதிரே இரண்டு தடவை உதறுவார். ஒரு கொத்துமல்லிக் காம்போ இரண்டு கடுகோ கீழே விழும். அடுத்து ஒயர் கூடையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். அதிலிருந்து ஒரு சுருக்குப் பையும் பழைய துண்டும் விழும். கடைசியாகத் தூக்குச் சட்டியைத் திறந்து அதன் வெறும் அடியைக் காட்டுவார்.

“பாத்துக்கினீங்களாம்மா?”

“பாத்தேன். போ.”

“நல்லாப் பாருங்க. அப்பறம்தான் போவேன்.”

இந்தச் சடங்கை நான் ஏற்படுத்தவில்லை. எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் எங்கள் சபை நடத்திய பெண் பிள்ளைகள் விடுதிக்கு நான் வார்டனாக வந்து சேர்ந்த முதல் நாளே, அவர்தான் என்னிடம் வந்து சொன்னார். “நான் திருடிம்மா. முன்னாடி. இப்ப இல்ல. ஆனாலும் தெனமும் போறப்ப என்னைப் பாத்துட்டு அனுப்புங்க.” எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு சமையற்காரம்மா தானாக வந்து இப்படிச் சொன்னால் பதறியிருக்க வேண்டும். எனக்கோ உள்ளூர ஒரே சந்தோஷம். அதிகாரம் என்பது இவ்வளவு சுலபமாகக் கையில் வந்து விழுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். தன்னைப் பற்றிய எதையும் யாரிடமும் ஒளிக்காதவர். ஆனால் அவருடைய மகளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை. பிள்ளைகள் அவரை சமையலக்கா என்று கூப்பிட்டார்கள். நான் ‘வா’, ‘போ’ என்றுதான் பேசினேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

விடுதியில் கீழ்பென்னாத்தூர், அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். சமையற்கட்டின் பின்வாசலில் நின்றால் எதிரே மலை. தீபத்தன்று பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பின்வாசலில்தான் கூடி நிற்பார்கள். அரிசி, கேழ்வரகு, எண்ணெய், வெளிநாட்டிலிருந்து வந்த பால் பவுடர் டின்கள் எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும். அதற்கு ஒரே ஒரு சாவி. அதை என் முந்தானை முனையில் முடிந்து வைத்திருந்தேன். தூங்கும்போதும் முடிந்தேதான் இருக்கும். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எனக்கு ரேஷன் கார்டு மாதிரி, பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்த பொருள். பாவம், அடிமைத்தனம், விடுதலை என்ற வார்த்தைகளையெல்லாம் நான் சரளமாகப் பேசுவேன். எனக்கும் அவற்றுக்கும் நேரடியாக ஏதாவது சம்பந்தம் உண்டென்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவருக்கு அந்த வார்த்தைகள் வராது. அவரிடம் இருந்தது கதைகள். அதுவும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். தேரடி வீதியில் ஒரு சத்திரத்தில் சமையல் வேலைக்கு இருந்தபோது ஆரம்பித்ததாம். புருஷன் போய்விட்டார், கைக்குழந்தை, பசி. ஒரு பிடி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். “பசிக்கு எடுத்தது ஒரு ரெண்டு வருஷம்தாம்மா. அப்பறம் பசி போயிட்ச்சி. கை மட்டும் நிக்கல.” கரண்டி எடுத்தார். கதவின் கொண்டி எடுத்தார். யாரோ ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். ஒரு தீபத்துக்கு, ராஜகோபுரத்து வாசலில் மலை மாதிரி குவிந்து கிடந்த செருப்புகளிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“ஒத்தச் செருப்பா?”

“ஒத்தச் செருப்பு. எடக்காலு.”

“அத வெச்சி இன்னா பண்ணுவ?”

“அதாம்மா எனக்கும் தெரியல. எடுக்கும்போது கை எங்கிட்ட கேக்கல. வூட்டுக்கு வந்து பாத்தா இருக்குது.”

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தேவைக்குத் திருடுகிறவரை ஒரு விதமாகப் புரிந்துகொள்ளலாம். ஒற்றைச் செருப்பை எடுத்தவர் வேறு யாருக்கோ வேலைக்காரராக இருந்திருக்கிறார்.

ஒரு கதையை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார், அதுவும் என்னிடம் மட்டும், முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது. மகள் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூட விழாவுக்காக யாரோ அவளுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். விழாவன்று காலை ரிப்பனைக் காணவில்லை. குழந்தை அழுது புரண்டிருக்கிறாள்.

“நானும் அவகூட சேந்து தேடினேம்மா. பாய ஒதறித் தேடினேன். அடுப்பு சந்துல தேடினேன். இடுப்புல வெச்சிக்கினே தேடினேன்.”

கீரை உருவுவதை நிறுத்திவிட்டு அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “வெளிய எடுத்துக் குடுத்துட்டா முடிஞ்சிடும். தெரியுது. கை வரமாட்டேங்குது. எம்புள்ள எதிர்க்க நின்னு அழுவுது, எனக்குக் கை வரல.”

ரிப்பன் காணாமல் போன அந்த வாரத்தில்தான் பெரிய வெள்ளி வந்தது. எங்கள் ஆலயத்தில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை நடக்கும். வெயிலுக்கு ஒதுங்கியவர், கதவு திறந்திருந்ததால் உள்ளே போய்க் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குப் போதகர் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிப் பேசினாராம். சமையலக்கா எனக்குச் சொன்னது இது:

“அந்தாளு கைலயும் ஆணி அடிச்சிட்டாங்கோ. இனிமே அவன் திருட முடியாது, செரி. ஆனா எடுத்தத திருப்பிக் குடுக்கவும் முடியாதும்மா. ஒரு நல்லது செய்ய முடியாது, ஒரு கும்புடு போட முடியாது. கையே இல்லாத ஆளு மாரி. வாயால கேட்டான். கெடச்சிட்ச்சி. நான் அங்கியே அழுதேன். சாமி, என் கைக்கும் ஒரு ஆணி அடி, என்னால ஆவலன்னேன்.”

அதற்குப் பிறகு அவர் எதையும் எடுக்கவில்லை. சபையில் சேர்ந்தார், ஞானஸ்நானம் வாங்கினார், விடுதிச் சமையலுக்கு வந்தார். எடுத்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சத்திரத்து மேனேஜர் கரண்டியை வாங்கிக்கொண்டு காறித் துப்பினாராம். கண்ணாடிக்காரப் பெரியவர் இறந்து போயிருந்தார். மருமகள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பினாளாம்.

ஆனால் பயம் போகவில்லை. அவருடைய பழக்கங்கள் எல்லாமே அந்தப் பயத்திலிருந்து வந்தவை. பஸ்ஸில் ஏறினால் இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொள்வார், உட்கார இடமிருந்தாலும் உட்கார மாட்டார். கடையில் சாமானை மோவாயால் காட்டிக் கேட்பார். என் அறைக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் தலை பின்னிவிடச் சொல்லி ரிப்பனோடு வந்தால், “எண்ணெக் கைடி, போ போ” என்று விரட்டுவார். கையில் எண்ணெய் இருக்காது. சாயங்காலமானால் முந்தானையை உதறுவார். நானும் அதை பக்தி என்றே எண்ணி, வேறு ஊரிலிருந்து வந்த வார்டன்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு சாயங்காலம் அவர் வந்தார், கூடையை எடுத்தார், “வரேம்மா” என்றார், போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானே கேட்டுவிட்டேன்.

“இன்னா, உதறல?”

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “உங்களுக்குப் பாக்கணும்னா உதறிக் காட்டறேம்மா. எனக்கு வேணாம்.”

“ஏன்?”

“திருடினப்போ நாளெல்லாம் நெனப்பு என் கை மேலதான். உதறினப்போவும் நாளெல்லாம் நெனப்பு என் கை மேலதான். போன ஞாயித்துக்கெழம திருவிருந்துல அப்பம் வாங்க மண்டி போட்டுக் கைய நீட்னேனில்ல, அப்பத்தான் தோணிச்சி. இந்தக் கைய அவருக்குன்னு குடுத்து எத்தினி வருஷம் ஆச்சி. குடுத்த பொருள தெனம் வாங்கி வாங்கிப் பாத்துக்கினு இருந்தா, அது குடுத்ததா?”

“சரி, போ” என்றேன்.

அதன்பிறகு அவர் கையை வீசி நடந்தார். காலையில் வந்து அடுப்புப் பற்ற வைக்கும்போது மட்டும் வலது கையை முன்னால் நீட்டி, “ஏசப்பா, இந்தா கை” என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். மத்தியானங்களில் பின்வாசல் படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வரிசையாகத் தலை பின்னிவிட ஆரம்பித்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ரிப்பன்கள் அவர் மடியில் கிடக்கும். பின்னி முடித்ததும் ரிப்பன் பூவைத் தட்டிக் கொடுத்து அனுப்புவார்.

அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளைகளின் கம்மல், ரிப்பன், அவர் விரல்கள் என்று என் கண் அலைந்தது. அதுவரை நான் வாசலில் நிற்க, அவர்தான் டிரம்மிலிருந்து அரிசியை அளந்து எடுப்பார். இப்போது அரிசி அளக்கும் படியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நானே தோள்வரை கையை விட்டு அளந்தேன். “உனக்கு இடுப்பு வலின்னியே, நான் எடுக்கறேன்” என்றேன். அவர் இடுப்பு வலியென்று சொன்னதேயில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் என் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று.

அது என் அப்பா நான் வேலையில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தது. அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். பழைய தோல் வார், தளர்ந்த கொக்கி. அரிசி அளக்கும்போது தூசி படாமல் அதைக் கழற்றி ஸ்டோர் ரூம் ஜன்னலில் வைப்பது என் வழக்கம். சாயங்காலம் ஜெப மணியடிக்க நேரம் பார்க்கக் கையைத் திருப்பினால் வெறும் மணிக்கட்டு. ஜன்னலில் இல்லை. காலையில் அங்கேதான் வைத்தேன் என்று யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அந்த ஜன்னலைத் தாண்டி அன்று போனவர் ஒருவர்தான்.

மறுநாள் அவர் வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன். உண்மையில் கத்தினேன். அவர் முந்தானையை உதறினார். கூடையைக் கவிழ்த்தார். “எடுக்கலம்மா” என்றார். அது போதவில்லை எனக்கு. அவரைக் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் இருந்த அவர் குடிசைக்குப் போனேன். தகரப் பெட்டியை நானே திறந்து, துணிகளை எடுத்து வெளியே போட்டேன். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் அடியில் பழைய காகிதத்தில் சுற்றிய ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. பிரித்தேன். ஒற்றைச் செருப்பு. இடது கால்.

“இது இன்னா?” என்று தூக்கிப் பிடித்தேன், கடிகாரமே கிடைத்துவிட்ட மாதிரி.

“அது பழசும்மா. யாருதுன்னு தெரிஞ்சா குடுத்துடலாம்னு வெச்சிருக்கேன்.”

நான் கரஸ்பாண்டென்ட் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். விடுதியை அவர்தான் நிர்வாகம் செய்தார், நல்ல மனுஷர். விஷயம் தெளிவாகும்வரை சமையற்கட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். ‘தெளிவாகும்வரை’ என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். வேறு ஆள் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அந்தப் பெயரோடு ஊரில் வேறு எந்த அடுப்படியிலும் அவரை விடமாட்டார்கள்.

அடுத்த பத்து நாள் நானும் பெரிய பிள்ளைகளும் சமைத்தோம். சோறு குழைந்தது, குழம்பில் உப்பு ஜாஸ்தி, ஒரு நாள் கூழ் அடிப்பிடித்து எல்லாரும் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனார்கள். தினமும் மாலை ஜெபத்தில் யாராவது ஒரு பிள்ளை, “ஆண்டவரே, வார்டனம்மா வாட்ச் கிடைக்கணும்” என்று ஜெபிக்கும். சின்னதுகள், “சமையலக்கா வரணும்” என்றும் சேர்த்துக்கொள்ளும். நான் இரண்டுக்கும் ஆமென் சொன்னேன்.

பத்தாம் நாள் காலை அரிசி டிரம் அடிவரை வந்துவிட்டது. குனிந்து தோள்வரை கையை விட்டேன். விரலில் ஒரு தோல் வார் பட்டது.

என்ன நடந்ததென்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரம் தொலைந்த அன்று காலை டிரம்மில் அரிசி அடியில்தான் இருந்தது. கடிகாரத்தைக் கழற்ற மறந்து கையை விட்டிருக்கிறேன், தளர்ந்த கொக்கி கழன்றிருக்கிறது. அன்று மத்தியானம் புது மூட்டைகள் இரண்டை அதன்மேல் கொட்டச் சொன்னவளும் நான்தான். அவரே அளந்திருந்தால் என் கடிகாரம் என் கையிலேயே இருந்திருக்கும்.

அப்போது ஸ்டோர் ரூமில் யாருமில்லை. வெளியே ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு, “கிடைச்சிடுச்சு” என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. நான் கடிகாரத்தை எடுத்தேன், ஊதினேன், இடுப்பில் செருகி அதன்மேல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். கை என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு நாள் அது என் இடுப்பில் இருந்தது. டிக் டிக் என்று சத்தம் வரக்கூடாதென்று முறுக்கிவிடாமல் வைத்திருந்தேன். அவ்வளவு புத்தி வேலை செய்தது. எங்காவது ஒரு மூலையில் போட்டு, பிள்ளைகள் கண்டெடுக்கும்படி செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாலை ஜெபத்தில் பிள்ளைகள் கடிகாரத்துக்காக ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். இரண்டாம் நாள் ஜெபம் முடிந்ததும் ஒரு சின்னப் பெண், “வாங்கம்மா, கெணத்தாண்ட இன்னொரு வாட்டி தேடலாம்” என்று என் விரலைப் பிடித்து இழுத்தாள். நான் போனேன். கிணற்றடியில் குனிந்து அவளோடு சேர்ந்து தேடினேன். கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், முருங்கைக் கீரை உருவிய அந்த நாளும் அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது கம்மி. எனக்கு என்னைக் கண்டே பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வேங்கிக்காலுக்கு நடந்தேன். அவர் குடிசை நிழலில் உட்கார்ந்து யாருக்கோ கூலிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள். என்னைப் பார்த்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒரு கோணியை உதறிப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார்.

நான் உட்கார்ந்தேன். கை இடுப்புக்குப் போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது, திரும்பி வந்தது. அவர் உரித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அசைவைத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் அவரைவிடத் தகுதியானவர் கிடையாது.

“இடுப்புல இன்னாம்மா?” என்றார் மெதுவாக.

நான் அழுதுவிட்டேன். “அரிசி டிரம்முல இருந்துச்சு. மூணு நாளாச்சு. வெளிய எடுக்க முடியல.”

அவர் கையிலிருந்த மல்லாட்டை முறத்தில் விழுந்தது. திட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

“இத்தினி நாளும் எம்பொண்ணு என் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தா. எடுத்தியான்னு ஒரு வாட்டி கேக்கல. பாத்துக்கினே இருந்தா. அதாம்மா தாங்கல” என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கை வராதும்மா. எனக்குத் தெரியும். நீங்களா இழுத்தா வராது.”

“நான் இன்னா செய்யறது?”

“நான் இன்னா செஞ்சேன்? என்னால ஆவலன்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது.”

அந்தக் கோணியில் உட்கார்ந்து, மல்லாட்டைத் தோலுக்கு நடுவில், என் வாழ்நாளில் முதல் முறையாக நான் உண்மையான ஒரு ஜெபம் செய்தேன். மனப்பாடமாகத் தெரிந்த அழகான வாக்கியங்கள் எதுவும் அதில் இல்லை. என்னால் ஆகவில்லை ஆண்டவரே என்றேன். கண்ணைத் திறந்தபோது கடிகாரம் என் உள்ளங்கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. மகள் அதையே பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள், எழுந்து வந்து அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தடவியபடி என்னிடம், “பொண்ணுங்க கிட்ட சொல்லிடுங்கம்மா. எம்பேருக்காக இல்ல. சொல்லலன்னா அது உங்க இடுப்பிலயேதான் இருக்கும்” என்றார்.

கரஸ்பாண்டென்ட் ஐயாவிடம் அன்றே போய்ச் சொன்னேன். மாலை ஜெபத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று, கிடைத்ததையும் ஒளித்ததையும் அவர்கள் ஜெபத்துக்கு ஆமென் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அறுபது பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். என் மானம் போய்விட்டது என்று நான் நின்றுகொண்டிருக்க, முன்வரிசையிலிருந்து ஒன்று கேட்டது: “அப்போ சமையலக்கா நாளைக்கு வருவாங்களாம்மா?”

வந்தார். அடுப்பில் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, “இந்தா கை” என்றார். என் சமையலில் கறுத்துப்போன குண்டானைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவரை “வாங்கக்கா” என்றேன். “இன்னாம்மா புதுசா” என்று சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தக் கடிகாரத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. நானாக எடுத்தால்கூட, “அது போனது போயாச்சி” என்று அரிசியைக் களையப் போய்விடுவார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிசி அளக்கும் படியைத் திருப்பிக் கொடுத்தேன், சாவியைக் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்பது ஒரு நாள் வேலை, அழுதால் முடிந்துவிடுகிறது. சாவி தினமும் இருக்கிற பொருள். காலையில் நானே திறப்பேன், மாலையில் நானே பூட்டுவேன். அவர் கேட்கவில்லை. நான் அது நிர்வாக விஷயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னும் நான்கு வருஷம் அப்படி ஓடியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாற்றல் வந்தது. சாமான்களையெல்லாம் ஏற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பிள்ளைகள் புடைசூழக் கிளம்பினேன். அவர் ஸ்டோர் ரூம் வாசலில், முன்பு தான் நிற்கும் அதே இடத்தில் நின்றார். எனக்கு என்ன தோன்றியதோ, சிரித்தபடி அவர் முன்னால் போய் நின்றேன். கைப்பையைத் திறந்து காட்டினேன். “பாத்துக்கங்கக்கா” என்று சொல்லி முந்தானையை உருவி ஒரு உதறு உதறினேன்.

முனையில் முடிந்திருந்த முடிச்சு அவிழ்ந்து, ஸ்டோர் ரூம் சாவி சிமென்ட் தரையில் கணீரென்று விழுந்தது.

புது வார்டனிடம் காலையிலேயே சாமான் பட்டியலைக் கொடுத்திருந்தேன், பால் பவுடர் டின்களை எண்ணிக் காட்டியிருந்தேன், சாவியை மட்டும் கட்டிக்கொண்டு பஸ் ஏற இருந்தேன். நான்கு வருஷம் இன்னொருத்தரைத் தினமும் சோதித்து அனுப்பியவள். அவர் முதலில் வாயைப் பொத்தினார், பிறகு முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். “அய்யோம்மா, மாட்டிக்கினீங்களா!” பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணீர் வரும்வரை.

சாவி அவர் காலடியில் கிடந்தது. “எடுத்துக்கங்கக்கா” என்றேன்.

அவர் குனியவில்லை. “கீழ கெடக்கறத எடுக்கறது என் பழைய வழக்கம்மா” என்றார், இன்னும் சிரித்துக்கொண்டே. “நீங்க குடுங்க. வாங்கிக்கறேன்.”

நான் குனிந்து அதை எடுத்தேன். அவர் அடுப்பின் முன்னால் நீட்டுகிற மாதிரியே வலது கையை நீட்டினார். எட்டு வருஷத்தில் அந்தச் சாவியை அந்தக் கையில் நான் வைத்தது அன்றைக்குத்தான்.